ஆன்லைன் ஏலத்தில் வென்றால் ஒப்பந்தம் உண்டாகிவிடுகிறதா?

ஏலத் தளமொன்றில் பழைய கேமரா ஒன்றைத் தாம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த விலைக்கு ஏலத்தில் எடுத்ததாகவும், வென்றுவிட்டதாகத் தளத்திலிருந்து செய்தி வந்த மறுநாளே விற்பவர் ‘இந்த விலை எனக்குக் கட்டுப்படியாகாது’ என்று கைவிரித்துவிட்டதாகவும் ஒருவர் எழுதியிருக்கிறார். வென்றது சட்டப்படி செல்லுமா என்பது அவருடைய முதல் கேள்வி. மாறாக, வென்ற பிறகு தமக்கே மனம் மாறியிருந்தால் பணம் கட்டாமல் ஒதுங்கிக்கொள்ள முடியுமா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் விடை ஒன்றேதான். பெரும்பாலான நாடுகளில், பொருள்களுக்கான பெரும்பாலான ஆன்லைன் ஏலங்களில், ஏலம் முடிந்த நொடியில் விற்பவருக்கும் மிக உயர்ந்த தொகைக்குக் கேட்டவருக்கும் இடையே இருவரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் உண்டாகிவிடுகிறது. விற்பவரும் விலக முடியாது; வாங்குபவரும் விலக முடியாது. ஆனால் ‘வென்றீர்கள்’ என்ற செய்தி வந்ததால் அந்த ஒப்பந்தம் பிறக்கவில்லை. அந்தச் செய்தி மென்பொருள் அனுப்புவது. ஒப்பந்தத்தைப் பிறப்பிப்பது விற்பவரும் கேட்பவரும் அதற்கு முன்பே செய்துவிட்ட செயல்கள். அவை எவை என்று தெரிந்துகொண்டால்தான் விதிவிலக்குகள் எங்கே வரும் என்பதும் விளங்கும்.

முதலில் கூடத்தில் நடக்கும் ஏலத்தைப் பார்ப்போம். ஏலம் விடுபவர் பொருளைக் காட்டி விலை கேட்கச் சொல்வது சட்டத்தின் பார்வையில் முன்மொழிவு, அதாவது எதிராளி ஏற்றாலே ஒப்பந்தமாகிவிடும் வாக்கு, அன்று. முன்மொழியுங்கள் என்ற அழைப்பு மட்டுமே. கூட்டத்திலிருந்து ஒருவர் தொகையைச் சொல்வதே முன்மொழிவு. ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டுவதே ஏற்பு. 1789-இல் இங்கிலாந்தில், வடிசாலைக் கருவி ஒன்றுக்கு 40 பவுண்டு கேட்டுவிட்டுச் சுத்தியல் விழுமுன் பின்வாங்கிய ஒருவர் மீது தொடுக்கப்பட்ட வழக்கில் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: சுத்தியல் விழும்வரை எவரும் தம் கேட்பைத் திரும்பப் பெறலாம். அந்த விதியே பிறகு பல நாடுகளின் சட்டநூல்களில் ஏறியது. இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவும், இங்கிலாந்தின் 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவும், அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் சீர்மை வணிகச் சட்டத்தொகுப்பின் ஏலப் பிரிவும் சற்றேறக்குறைய ஒரே சொற்களில் பேசுகின்றன. சுத்தியல் விழுந்தாலோ வழக்கமான வேறு முறையில் அறிவிக்கப்பட்டாலோ விற்பனை முடிந்துவிடுகிறது.

ஆன்லைன் ஏலத்தில் சுத்தியலும் இல்லை, அதைத் தட்டும் ஆளும் இல்லை. பெரிய ஏலத் தளங்கள் பலவும் தாங்கள் ஏலம் விடுபவர்கள் அல்லர், இடம் கொடுப்பவர்கள் மட்டுமே என்று தங்கள் பயன்பாட்டு விதிகளில் எழுதிவைத்திருக்கின்றன. விற்பவர் ஏழு நாளோ பத்து நாளோ கெடு வைக்கிறார். கெடு முடியும் நொடியில் கடிகாரம் ஏலத்தை மூடிவிடுகிறது. அப்படியானால் ஏற்றுக்கொண்டவர் யார், எப்போது ஏற்றார்? விலை போதாது என்று பின்வாங்க விரும்பும் விற்பவர்கள் முதன்முதலில் பிடித்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான்: ‘நான் விளம்பரம்தான் செய்தேன், வந்த கேட்புகளில் எதையும் நான் ஏற்கவில்லை.’

இந்த வாதத்துக்கு முழுமையான விடை ஜெர்மனியிலிருந்து வந்தது. 1990-களின் கடைசியில் ஒருவர் புதிய ஃபோக்ஸ்வாகன் பஸாட் கார் ஒன்றை 10 மார்க் தொடக்க விலையில், குறைந்தபட்ச விலை எதுவும் வைக்காமல், ஏலத் தளமொன்றில் இட்டார். பட்டியல் விலை ஏறக்குறைய 57,000 மார்க். ஏலம் முடிந்தபோது உயர்ந்த கேட்பு 26,350 மார்க். விற்பவர் தர மறுத்தார். மூன்ஸ்டரில் இருந்த முதல்நிலை நீதிமன்றம் ஒப்பந்தமே உண்டாகவில்லை என்றது. ஹாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. 2001 நவம்பர் 7 அன்று ஜெர்மன் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வாங்கியவர் பக்கமே நின்றது. ஏலப் பக்கத்தைத் திறந்துவிடும்போதே, கெடுவுக்குள் வரும் மிக உயர்ந்த கேட்பை இப்போதே ஏற்றுக்கொள்கிறேன் என்று விற்பவர் அறிவித்திருந்தார். ஆகவே ஏற்பு முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிட்டது. யாருக்கு, என்ன விலைக்கு என்பதை மட்டும் ஏலம் நிரப்பியது. 2004-இல் அதே நீதிமன்றம் ஒரு படி மேலே போய், கெடு முடிந்து கடிகாரம் மூடிவிடும் இத்தகைய விற்பனை, ஜெர்மன் குடியியல் சட்டத்தின் 156-ஆம் பிரிவு சொல்லும் சுத்தியல் ஏலமே அன்று, சாதாரண முன்மொழிவும் ஏற்பும்தான் என்றது. சட்டநுணுக்கம் போலத் தோன்றும் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய பின்விளைவு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 2006-இல் இரண்டாம் உலகப் போர்க்கால வகையைச் சேர்ந்த விர்ராவே விமானம் ஒன்று ஈபே தளத்தில் 1,50,000 டாலர் குறைந்தபட்ச விலையோடு ஏலத்துக்கு வந்தது. ஒருவர் சரியாக அந்தத் தொகைக்குக் கேட்டு வென்றார். விற்பவரோ அதைவிட 1,00,000 டாலர் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்ட இன்னொருவருக்குக் கொடுக்க முனைந்தார். தாம் செய்தது விளம்பரம் மட்டுமே, அதனால் ஒப்பந்தம் உண்டாகவில்லை என்பது அவருடைய வாதம். 2007-இல் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தளத்தின் விதிகளை ஏற்றுக்கொண்டு, குறைந்தபட்ச விலை குறித்து, கெடுவும் வைத்து ஏலத்துக்கு விட்ட ஒருவர், அந்த விலை எட்டப்பட்ட பின் ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லும் உரிமையைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. விமானத்தையே ஒப்படைக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. இழப்பீட்டோடு நிறுத்தாமல் பொருளையே கொடுக்கச் சொன்னதற்குக் காரணம், அப்படிப்பட்ட விமானத்துக்குப் பதிலாக இன்னொன்றைச் சந்தையில் எளிதில் வாங்கிவிட முடியாது என்பதே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். விற்பவரும் தளத்தோடு ஒப்பந்தம் செய்திருக்கிறார், வாங்குபவரும் தளத்தோடு ஒப்பந்தம் செய்திருக்கிறார். ஒருவருக்கொருவர் நேரே எதையும் சொல்லிக்கொள்ளாத இந்த இருவரைத் தளத்தின் விதிகள் எப்படிக் கட்டுப்படுத்தும்? இதற்கு விடை இணையத்துக்கு நூறாண்டு முந்தைய படகுப் பந்தயம் ஒன்றில் கிடைக்கிறது. 1894-இல் ஸ்காட்லாந்தின் கிளைடு கழிமுகத்தில் ‘சட்டானிட்டா’ என்ற படகு ‘வால்கிரி’ என்ற படகின் மீது மோதி அதை மூழ்கடித்தது. போட்டியாளர்கள் இருவரும் படகுக் கழகத்துக்குத்தான் கையெழுத்திட்டிருந்தார்கள், ஒருவருக்கொருவர் அன்று. இருந்தும், ஒரே விதிகளுக்கு உட்பட்டுப் பந்தயத்தில் இறங்கியதாலேயே இருவருக்கும் இடையே ஒப்பந்தம் உண்டு என்றும், விதியை மீறி மோதியவர் முழு நட்டத்தையும் தர வேண்டும் என்றும் 1897-இல் பிரிட்டனில் அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. ஏலத் தளத்தில் கணக்குத் தொடங்கி ‘ஏற்கிறேன்’ என்பதைச் சொடுக்குபவர்களின் நிலையும் அதுவேதான் என்பது என் கருத்து. தள விதிகளை யாரும் படிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் படிக்காமல் இட்ட கையெழுத்தும் கையெழுத்தே என்ற பழைய நெறி சொடுக்குக்கும் பொருந்துகிறது.

மின்னணு வழியில் நடந்ததால் ஒப்பந்தம் செல்லாது என்ற வாதம் இன்று எங்கும் எடுபடாது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டின் மின்னணுக் கையொப்பச் சட்டமும், இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 10-ஏ பிரிவும், மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைத் தள்ளிவிடக் கூடாது என்று சொல்லிவிட்டன. நிலம், வீடு ஆகியவை தனி. அவற்றுக்கு எழுத்தும் பதிவும் கேட்கும் சட்டங்கள் பல நாடுகளில் இருப்பதால், நிலத்தை ‘வென்றவர்’ பல தளங்களில் பேச்சுவார்த்தை நடத்தும் வாய்ப்பை மட்டுமே வென்றிருப்பார். சில தளங்கள் நிலம், வீடு தொடர்பான கேட்புகள் கட்டுப்படுத்துபவை அல்ல என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கின்றன.

விலை அடிமாட்டு விலையாக முடிந்துவிட்டது என்பது மட்டும் விற்பவர் தப்பிக்கப் போதாது. கேள்வி கேட்டவரின் விற்பவர் சொல்லும் காரணம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2014-இல் ஜெர்மன் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், பழைய பஸாட் கார் ஒன்று 1 யூரோ தொடக்க விலையில் இடப்பட்டிருந்தது. ஒருவர் 555.55 யூரோவரை போகத் தயாராக உச்சவரம்பு வைத்து, 1 யூரோவுக்குக் கேட்டிருந்தார். சில மணி நேரத்தில் விற்பவர் தளத்துக்கு வெளியே 4,200 யூரோ தரும் ஆளைக் கண்டுபிடித்து ஏலத்தை நிறுத்திவிட்டார். நீதிமன்றம் ஒப்பந்தம் 1 யூரோவுக்கு உண்டாகிவிட்டது என்றது. காரின் மதிப்பு 5,250 யூரோ என்று கொண்டு, 5,249 யூரோ இழப்பீடு கிடைத்தது. மதிப்புக்கும் விலைக்கும் இவ்வளவு வேறுபாடு இருப்பது நன்னெறிக்கு மாறானது என்ற வாதமும் தள்ளுபடியானது. மலிவாகக் கிடைக்கலாம் என்ற நப்பாசையே ஏலத்துக்குக் கூட்டத்தை இழுக்கிறது. அந்தக் கூட்டத்தால் விலை ஏறும் என்ற நம்பிக்கையில் 1 யூரோவில் தொடங்கியவர், கூட்டம் வராததன் நட்டத்தையும் தாமே சுமக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கு கூடத்தில் நடந்த ஏலத்தைப் பற்றியதுதான் என்றாலும் தர்க்கம் அதே. தலா 14,521 பவுண்டு விலையுள்ள இரண்டு எஞ்சின் சோதனைக் கருவிகள், குறைந்தபட்ச விலை எதுவும் இல்லை என்ற அறிவிப்போடு ஏலத்துக்கு வந்தன. ஒருவர் தலா 200 பவுண்டு கேட்டார். வேறு யாரும் கேட்கவில்லை. ஏலம் விட்டவர் மனம் பொறுக்காமல் பொருளை விலக்கிக்கொண்டார். சுத்தியல் விழாததால் விற்பனை நடக்கவில்லைதான். ஆனாலும், குறைந்தபட்ச விலை இல்லை என்று சொல்லி ஆட்களை வரவழைத்தவர் உயர்ந்த கேட்புக்குக் கொடுப்பதாகத் தனியே வாக்குக் கொடுத்திருக்கிறார், அந்த வாக்கை மீறிவிட்டார் என்று கூறி 27,600 பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது. மாறாக, விற்பவர் ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்ற மறைவான எல்லை, வைத்திருந்து அது எட்டப்படாவிட்டால், முன்னிலையில் இருந்தவர் எதையும் வெல்லவில்லை. திரையில் அவர் பெயர் முதலில் இருந்தது என்பது வெறும் காட்சிதான்.

விலையில் உண்மையான பிழை இருந்தால் கதை மாறும். சிங்கப்பூரில் 3,854 டாலர் மதிப்புள்ள லேசர் அச்சுப்பொறி ஒன்று இணையக் கடையில் 66 டாலர் என்று தவறாகக் குறிக்கப்பட்டது. அது பிழை என்று தெரிந்தே ஆறு பேர் சேர்ந்து 1,606 அச்சுப்பொறிகளுக்கு ஆணை கொடுத்தார்கள். 2004-இல் உயர் நீதிமன்றமும் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த ஒப்பந்தங்கள் செல்லாது என்றன. எதிராளியின் பிழையைத் தெரிந்துகொண்டே அதன் மீது பாய்பவருக்குச் சட்டம் துணை நிற்பதில்லை. இந்தத் தீர்ப்பை ஏலத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது. கடையில் குறித்த விலை 66 டாலர் என்றால் அது கண்ணை உறுத்தும். ஏலத்தில் 1 யூரோ தொடக்க விலை யார் கண்ணையும் உறுத்தாது, ஏனென்றால் ஏலம் அப்படித்தான் தொடங்கும். பிழை என்று வாதிடும் விற்பவர், தாம் எண்ணியது வேறு, தட்டச்சு செய்தது வேறு என்பதையும், வாங்கியவருக்கு அது தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் காட்ட வேண்டும். ‘உடனே வாங்கு’ விலையில் ஒரு சுழியம் விட்டுப்போயிற்று என்பதைக் காட்டலாம். ‘இன்னும் ஏறும் என்று நினைத்தேன்’ என்பது பிழை அன்று, கணிப்புத் தவறியது மட்டுமே.

ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே விற்பவர் விலக்கிக்கொள்ளலாமா என்பது பெரும்பாலும் தள விதிகளின் கேள்வி. பொருள் காணாமல் போனாலோ சேதமடைந்தாலோ விவரத்தில் கடுமையான தவறு இருந்தாலோ ஏலத்தை நிறுத்தத் தளங்கள் இடம் தருகின்றன. ஏலத்தில் இட்ட கேமரா திருடுபோனதால் நிறுத்திய ஒருவர் மீது, அப்போது முன்னிலையில் இருந்தவர் தொடுத்த வழக்கு 2011-இல் ஜெர்மனியில் தோற்றது. விற்பவரின் முன்மொழிவே ‘விதிகள் அனுமதிக்கும் காரணத்துக்காக நிறுத்தாத பட்சத்தில்’ என்ற உள்நிபந்தனையோடுதான் இருந்தது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2014-ஆம் ஆண்டுப் பஸாட் வழக்கையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கோடு எங்கே விழுகிறது என்பது தெரியும். திருட்டு ஒரு காரணம்; அதிக விலை தரும் ஆள் கிடைத்தது காரணம் அன்று.

விற்பவர் தாமே, அல்லது தம் ஆளை வைத்து, இன்னொரு கணக்கிலிருந்து கேட்டு விலையை ஏற்றிவிடுவது பழைய தந்திரம். இந்தியச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு இத்தகைய போலிக் கேட்பு நடந்திருந்தால் விற்பனையை ரத்துச் செய்யும் உரிமையை வாங்கியவருக்குத் தருகிறது. அமெரிக்கச் சட்டத்தொகுப்பு இன்னும் கூர்மையானது: வாங்கியவர் விரும்பினால் விற்பனையை உதறலாம், அல்லது கடைசியாக நேர்மையாக வந்த கேட்பின் விலைக்கே பொருளை எடுத்துக்கொள்ளலாம். 2016-இல் ஜெர்மனியில் இதன் உச்சம் நடந்தது. 1 யூரோவில் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காருக்கு வேறொருவர் 1 யூரோ கேட்டதோடு சரி. அதன் பிறகு வாங்க வந்தவரும், இரண்டாவது கணக்கில் ஒளிந்திருந்த விற்பவருமே மாறி மாறி விலையை ஆயிரக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் தமக்குத் தாமே முன்மொழிந்து தாமே ஏற்க முடியாது என்பதால், விற்பவரின் கேட்புகள் எல்லாவற்றையும் நீதிமன்றம் அடித்துவிட்டது. எஞ்சியது 1 யூரோவும் அதற்கு மேலான ஒரு படியும். ஏறக்குறைய 16,500 யூரோ மதிப்புள்ள கார் 1.50 யூரோவுக்கு விற்கப்பட்டதாகத் தீர்ந்தது. நான் படித்த ஏலத் தீர்ப்புகளில் இவ்வளவு துல்லியமாகத் தண்டனையும் கணக்கும் ஒன்றான வேறொன்று இல்லை.

இனி வாங்குபவர் பக்கம். கூடத்தில் நடக்கும் ஏலத்தில் சுத்தியல் விழுமுன் கேட்பைத் திரும்பப் பெறலாம் என்றேன். ஆன்லைன் தளங்களின் விதிகள் பொதுவாக அந்தச் சுதந்திரத்தைத் தருவதில்லை. தொகையைத் தவறாகத் தட்டியது, பொருளின் விவரம் பிறகு மாற்றப்பட்டது போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே, அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குள், அனுமதிக்கின்றன. ஏலம் முடிந்த பிறகு வாங்குபவரும் விற்பவரைப் போலவே கட்டுண்டவர். பணம் கட்டாவிட்டால் விற்பவர் பொருளை மறுபடி விற்று, முதல் விலைக்கும் மறுவிற்பனை விலைக்கும் உள்ள குறைவையும் அதனால் ஏற்பட்ட செலவையும் கேட்கலாம். நடைமுறையில், சிறு தொகைகளுக்காக யாரும் நீதிமன்றப் படியேறுவதில்லை. தளம் கணக்கை முடக்குவதோடும், கெட்ட மதிப்பீடு விழுவதோடும் முடிந்துவிடுகிறது. இதைப் பார்த்துத்தான் பலர் ‘அது ஒப்பந்தமே இல்லை’ என்று முடிவுகட்டுகிறார்கள். உரிமை இருப்பதும் அதைப் பயன்படுத்துவது கட்டுப்படியாவதும் வெவ்வேறு. பொருள் விமானமாகவோ காராகவோ இருந்தால் அதே உரிமை விழித்துக்கொள்ளும்.

வாங்குபவருக்கு இருக்கும் உண்மையான வெளியேறும் கதவு நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், நேரில் சந்திக்காமல் தொலைவிலிருந்து வாங்கும் நுகர்வோர் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் விலகலாம். அந்த உரிமைக்குப் பொது ஏலம் விலக்கு. ஆனால் பொது ஏலம் என்பது நுகர்வோர் நேரில் வந்து கலந்துகொள்ளும் வாய்ப்புள்ள ஏலம் மட்டுமே என்று ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டுச் சட்ட நெறிமுறை வரையறுத்து, இணையத் தள ஏலங்களை அந்த விலக்குக்கு வெளியே நிறுத்திவிட்டது. பிரிட்டனின் 2013-ஆம் ஆண்டு விதிகளும் அப்படியே. முன்னே சொன்ன 2004-ஆம் ஆண்டு ஜெர்மன் தீர்ப்பின் பின்விளைவு இதுதான். வைரம் பதித்த கைச்சங்கிலி ஒன்றை 252.51 யூரோவுக்கு வென்ற நுகர்வோர் விலகிக்கொண்டார். அது சுத்தியல் ஏலம் அன்று என்பதால் அவருடைய விலகல் செல்லும் என்றது நீதிமன்றம். ஆனால் இந்தக் கதவு விற்பவர் வணிகராக இருந்தால்தான் திறக்கும். வீட்டில் கிடந்த கேமராவை விற்கும் தனிமனிதரிடம் வாங்கியவருக்கு அது இல்லை. தனிமனிதர் போல வேடமிட்டு மாதம் நூறு பொருள் விற்பவர் வணிகரா என்பது வேறொரு வழக்குக்கான கேள்வி.

யார் கேட்டார் என்பதிலும் சிக்கல் வரும். கணக்கு ஒருவருடையது, சொடுக்கியவர் இன்னொருவர் என்றால் யார் கட்டுப்படுவார்? 2011-இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் பார்த்த வழக்கில் மனைவியின் கணக்கில் கணவர் அவரைக் கேட்காமலே உணவகத் தளவாடங்களை ஏலத்துக்கு இட்டிருந்தார். கடவுச்சொல்லைப் பத்திரமாக வைக்கவில்லை என்பதற்காக மட்டும் கணக்குக்குரியவர் ஒப்பந்தத்தில் கட்டுண்டவர் ஆகமாட்டார். அவர் அனுமதி தந்திருக்க வேண்டும், அல்லது பின்னர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அல்லது தெரிந்தும் விட்டுக்கொடுத்துவந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மைனர் செய்த கேட்பு பல நாடுகளில் கட்டுப்படுத்தாது. இந்தியச் சட்டத்தில் அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. திருட்டுப் பொருளை வென்றவருக்கு ஒப்பந்தம் உண்டு, ஆனால் பொருளின் உடைமை பெரும்பாலும் வராது. விற்பவர் மீது இழப்பீட்டுக்குப் போகலாம்.

அரசும் வங்கிகளும் நடத்தும் மின்-ஏலங்களை மேலே சொன்னவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றில் உயர்ந்த கேட்பு என்பது பெரும்பாலும் உறுதிப்படுத்தலுக்கு உட்பட்டது. இந்தியாவில் கடன் மீட்புக்காக வங்கிகள் நடத்தும் அசையாச் சொத்து ஏலங்களில், 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, வென்றவர் அன்றோ அடுத்த வேலை நாளுக்குள்ளோ 25 விழுக்காட்டைக் கட்ட வேண்டும். விற்பனையைக் கடன் கொடுத்தவர் உறுதிப்படுத்த வேண்டும். எஞ்சியதைக் கட்டத் தவறினால் கட்டியது பறிமுதலாகும். அங்கே வென்றவர் உறுதிப்படுத்தல் வரும்வரை உரிமையாளரும் அல்லர், சுதந்திரமானவரும் அல்லர்.

இன்னொரு சிறு குறிப்பு. வென்றவர் பணம் கட்டாதபோது, இரண்டாவதாக நின்றவருக்கு ‘நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று செய்தி வருவதுண்டு. அவர் கட்டுப்பட்டவர் அல்லர். தமக்கு மேல் ஒருவர் கேட்ட நொடியிலேயே அவருடைய கேட்பு விழுந்துவிட்டது. அமெரிக்கச் சட்டத்தொகுப்பு, கேட்பைத் திரும்பப் பெறுவதால் முந்தைய கேட்பு உயிர்பெறாது என்று எழுதியே வைத்திருக்கிறது. அந்தச் செய்தி புதிய முன்மொழிவு. ஏற்கலாம், விடலாம்.

இப்போது கேள்வி கேட்டவரின் கேமராவுக்கு வருகிறேன். ரிசர்வ் விலை இல்லாமலோ அது எட்டப்பட்டோ ஏலம் முடிந்திருந்தால், தள விதிகள் கேட்புகள் கட்டுப்படுத்தும் என்று சொல்லியிருந்தால், விற்பவர் உங்களுக்கு அந்தக் கேமராவைக் கடன்பட்டிருக்கிறார். முதலில் நீங்கள் உங்கள் பக்கத்தை நிறைவேற்றத் தயாராக இருப்பதை எழுத்தில் காட்டுங்கள். பணம் கட்டும் வழி திறந்திருந்தால் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். விற்பவர் அதை மூடிவிட்டிருந்தால், கட்டத் தயார் என்று தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே எழுதுங்கள், தொலைபேசியில் பேசித் தீர்க்க வேண்டாம். ஏல எண், முடிந்த நேரம், விவரப் பக்கம், அவர் மறுத்த செய்தி ஆகியவற்றின் திரைப்பிடிகளை இன்றே எடுத்துவையுங்கள். தளங்கள் பழைய ஏலப் பக்கங்களை என்றென்றும் வைத்திருப்பதில்லை. ‘ரத்துக்குச் சம்மதமா’ என்று தளத்திலிருந்து வரும் கோரிக்கைக்கு, பணம் திரும்பக் கிடைக்கிறதே என்று அவசரத்தில் ‘ஆம்’ என்று சொல்லிவிடாதீர்கள். அது இருவரும் சேர்ந்து ஒப்பந்தத்தைக் கலைத்ததாகப் படிக்கப்படலாம்.

சாதாரண கேமராவுக்கு ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு, அதாவது பொருளையே கொடுக்கச் சொல்லும் வழக்கு, பொதுவாக எடுபடாது. அது விர்ராவே விமானம் போன்ற கிடைப்பதற்கரிய பொருளுக்குரியது. அரிதான பழைய வகையாக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். மற்றபடி உங்களுக்குக் கிடைக்கக்கூடியது, அதே நிலையில் உள்ள அதே வகைக் கேமராவின் சந்தை விலைக்கும் நீங்கள் வென்ற விலைக்கும் உள்ள வேறுபாடு. எனவே அந்த வாரத்தில் அதே தளத்தில் அதே வகைக் கேமராக்கள் என்ன விலைக்கு முடிந்தன என்ற பட்டியலையும் கூடவே எடுத்துவையுங்கள். வேறுபாடு சிறியதென்றால் தளத்தில் புகார் செய்வதோடு விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். பெரியதென்றால், உங்கள் நாட்டில் சிறு தொகை வழக்குகளுக்கென்று இருக்கும் மன்றத்துக்கு அந்தப் பட்டியலோடும் மேலே சொன்ன திரைப்பிடிகளோடும் போகலாம். விற்பவர் அதற்குள் கேமராவை வேறொருவருக்குக் கூடுதல் விலைக்கு விற்றுவிட்டது தெரியவந்தால், அந்த விலையே உங்கள் இழப்பீட்டுக் கணக்குக்கு அவர் கைப்படத் தந்த சான்று.